நாய்க்கு ஜோசியம் தெரியுமா?

வலிப்பு உள்ளவர்களுக்கு உதவும் நாய்களைப் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதி அமெரிக்காவிலிருந்து. எனவே இந்த முறை மேடை நாய்க்கு.

கேள்வி: வலிப்பு வரப்போவதை நாய் முன்கூட்டியே சொல்லிவிடுமாமே? என் தம்பிக்கு ஒன்று வாங்க ஆசை. (வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: சில நாய்கள் சொல்கின்றன. எந்த நாய் சொல்லும் என்பதுதான் சிக்கல். கூடவே பல மாதம் பழகிய நாய், ஒருநாள் தானாகவே முகத்தை உற்றுப் பார்க்கும், காலைச் சுற்றும், முட்டும். சற்று நேரத்தில் வலிப்பு வரும். எல்லா நாய்க்கும் இது வாய்ப்பதில்லை. அதனால் அமெரிக்கப் பயிற்சி நிலையங்களில் பெரும்பாலானவை முன்னறிவிப்புக்கு உத்தரவாதம் தருவதில்லை. வலிப்பு வந்தபின் செய்ய வேண்டியதைத்தான் பழக்கித் தருகின்றன. முன்னறிவிப்பையே பயிற்சியால் கொண்டுவரலாம் என்று தொண்ணூறுகளிலிருந்து சொல்லிவருவது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள ‘சப்போர்ட் டாக்ஸ்’ அமைப்பு. “நூற்றுக்கு நூறு முன்னாலேயே சொல்லும் சார்” என்று யாராவது விலை பேசினால், பர்ஸை எடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: சொல்கிற நாய்க்கு எப்படித் தெரிகிறது? ஆறாம் அறிவா? (வாசகர், சான் ஹோசே)

பதில்: தொல்காப்பியர் விலங்குகளுக்குக் கொடுத்தது ஐந்து அறிவு. அதில் மூக்கு ஒன்றே போதும் போலிருக்கிறது. 2019-இல் பிரான்சின் ரென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வலிப்பின்போது எடுத்த மூச்சு, வியர்வை மாதிரிகளையும் மற்ற நேரங்களில் எடுத்தவற்றையும் 5 நாய்களுக்கு முன்னால் வைத்தார்கள். குறைந்த மதிப்பெண் எடுத்த நாய்கூட மூன்றுக்கு இரண்டு முறை வலிப்பு மாதிரியைச் சரியாகக் காட்டிவிட்டது. ஆக, வலிப்புக்கென்று ஒரு வாடை இருக்கிறது. அது வலிப்புக்கு எவ்வளவு நேரம் முன்னால் கிளம்புகிறது என்பது அந்தச் சோதனையின் பாடத்திட்டத்தில் இல்லை.

கேள்வி: தனியாக இருக்கிறேன். விழுந்த பிறகு நாய் வந்து என்ன செய்துவிடும், நக்குமா? (வாசகி, டல்லாஸ்)

பதில்: நக்கும். அதற்கும் சேர்த்துத்தான் பயிற்சி. அடுப்படியில் நீங்கள் சரிகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில், நாயின் மூக்கு எட்டும் உயரத்தில் உள்ளங்கை அகலப் பொத்தான் ஒன்று இருக்கிறது. நாய் போய் அழுத்துகிறது. பதிந்துவைத்த எண்ணுக்கு அழைப்பு போகிறது. திரும்பி வந்து உங்களை ஒட்டிப் படுத்துக்கொள்கிறது, அலமாரி முனையில் தலை இடிக்காதபடி. வெட்டி இழுப்பது பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். அதற்குப் பின் வரும் குழப்ப நேரத்தில்தான் நாய் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எழுந்து, கதவைத் திறந்து, நேரே சாலைக்கு நடந்துவிடுகிறவர்கள் உண்டு. நாய் குறுக்கே நின்று மறிக்கும். முகத்தை நக்கி நக்கி நினைவைத் திருப்பும். போனையும் மருந்துப் பையையும் கவ்விக்கொண்டு வரும்.

வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவியை நெஞ்சில் பொருத்தியிருப்பவர்கள், வலிப்பு தொடங்கும்போது அதன்மேல் காந்தத்தைக் காட்டினால் கூடுதலாக ஒரு தூண்டல் போகும். விழுந்து கிடப்பவர் எப்படிக் காட்டுவார்? கழுத்துப்பட்டையில் காந்தம் மாட்டிய நாய்கள் இருக்கின்றன. நெஞ்சோடு உரசினால் வேலை முடிந்தது.

இதெல்லாம் மறக்காமல் இருக்க, நீங்கள் அவ்வப்போது பொய்யாக விழுந்து காட்ட வேண்டும். பொத்தானை அழுத்தினால் நாய்க்கு ஒரு துண்டு கோழிக்கறி. நடிகைக்கு ஒன்றும் கிடையாது.

கேள்வி: சிகாகோவில் சின்ன ஓட்டல் நடத்துகிறேன். நாயோடு ஒருவர் வருகிறார். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார். சான்றிதழ் கேட்கலாமா?

பதில்: கூடாது. வலிப்பு வராத நேரத்தில் எல்லாரும் பார்க்க நன்றாகத்தான் இருப்பார்கள். 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி நீங்கள் கேட்கக்கூடியவை இரண்டே கேள்விகள். உடல்நிலை காரணமாகத் தேவைப்படும் உதவி நாயா? என்ன வேலைக்குப் பயிற்சி பெற்றது? நோயின் பெயரைக் கேட்க முடியாது, “செய்துகாட்டச் சொல்லுங்கள்” என்றும் கேட்க முடியாது. பக்கத்து மேசைக்காரர் நாய்க்குப் பயப்படுகிறார் என்பதும் காரணமாகாது. நாய் அடங்காமல் ஆட்டம் போட்டு, உடையவரும் கட்டுப்படுத்தாவிட்டால் நாயை வெளியே அனுப்பலாம். ஆளுக்குத் தோசை போட்டே தீரவேண்டும்.

கேள்வி: அதே சட்டம் இங்குள்ள கோயிலுக்கும் பொருந்துமா? (வாசகி, பிட்ஸ்பர்க்)

பதில்: மத அமைப்புகளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. நிர்வாகக் குழுவிடம் முன்னாலேயே பேசுங்கள். மறுத்தால் பைரவரின் வாகனம் எது என்று ஒரு வார்த்தை கேட்டுவைக்கலாம்.

கேள்வி: இணையத்தில் பணம் கட்டினால் பதிவு எண், அட்டை, அங்கி எல்லாம் அனுப்புகிறார்களே? (வாசகர், அட்லாண்டா)

பதில்: அங்கி குளிருக்கு ஆகும். மற்றவை வெறும் காகிதம். அமெரிக்க நீதித்துறை அவற்றைச் சான்றாக ஏற்பதில்லை. பயிற்சிதான் கணக்கு. அதை நீங்களே கொடுத்தாலும் சட்டம் ஏற்கும்.

கேள்வி: செலவு? (அதே வாசகர்)

பதில்: இருபதாயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். பயிற்சி ஒன்றரை, இரண்டு வருடம். சேருகிற நாய்கள் எல்லாம் தேறுவதுமில்லை. இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தரும் தொண்டு அமைப்புகளில் வரிசை நீளம். வாங்கியது, பயிற்சி, தீனி எல்லாவற்றையும் அமெரிக்க வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். ஆடிட்டரிடம் சொல்லுங்கள், ஆச்சரியப்படுவார்.

கேள்வி: எங்கள் ராஜபாளையத்தைப் பழக்க முடியுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: நீங்கள் விழுந்தால் உங்களைக் காக்கும், சந்தேகமில்லை. ஆம்புலன்ஸ்காரரிடமிருந்தும் காக்குமே! அந்நியர் வந்து எஜமானரைத் தொடும்போது விலகி நிற்கும் குணம் இந்த வேலைக்கு முதல் தகுதி. லாப்ரடாரையும் கோல்டன் ரெட்ரீவரையும் அதிகம் எடுப்பது அதற்காகவும்தான்.

கேள்வி: நாய் வந்தால் மாத்திரையைக் குறைக்கலாமா? (வாசகர், மெல்பர்ன்)

பதில்: கூடாது. வலிப்பு உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் வரை சரியான மருந்தாலேயே வலிப்பில்லாமல் இருக்க முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாயின் தேவை அதிகம் இருப்பது மருந்துக்குப் பணியாத மீதிப் பேருக்கு. அப்படிப்பட்ட 25 பேரை நெதர்லாந்தில் கவனித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற நாய் வந்தபின் வலிப்புகள் 31 சதவீதம் குறைந்திருந்தன. மருந்தை நிறுத்திவிட்டு அல்ல, சாப்பிட்டுக்கொண்டே.

கேள்வி: என் மகனுக்கு 29 வயது. குளியலறை வாசலில்கூட நான்தான் நிற்கிறேன். நான் இருக்கும்போது நாய் எதற்கு? (ஒரு தாய், டொராண்டோ)

பதில்: அம்மா, உங்கள் இரண்டாவது வாக்கியத்தை அவர் இடத்திலிருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். தாழ்ப்பாள் போடாமல் குளிப்பது அவருக்கு நல்லதுதான். ஆனால் கதவுக்கு வெளியே நாய் படுத்திருந்தால் “இன்னுமா முடியலை?” என்று கேட்காது. அவர் மாலையில் நடக்கப் போனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்யாது. நீங்கள் நிற்பது அன்பு, யார் மறுத்தார்கள்? 29 வயதுக்காரருக்குத் தனியாகக் கடைக்குப் போய்வருவதும் வேண்டும். நாய்க்குத் தீனி வைப்பது, நடத்திக் கூட்டிப்போவது, சுத்தம் செய்வது எல்லாம் அவர் வேலையாகவே இருக்கட்டும். நீங்கள் வைத்துப் பழக்கினால் நாய் உங்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஊரில் வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்போம். உடனே நிற்கிறதே! (வாசகர், மதுரை)

பதில்: சாவி கொடுக்காவிட்டாலும் அதே நேரத்தில் நின்றிருக்கும். ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் ஊர் என்றால், காரை எடுக்க அப்போது அந்தச் சாவி தேவைப்படும்.