கேசட் மாதிரியே

எண்பதுகளில் மறைமலை நகரில் வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்த்த இரவு, தெருவை அடைத்து மேடை போட்டால், தாம்பரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆர்கெஸ்ட்ரா வந்து இறங்கும். தபேலா, டோலக், பாங்கோஸ், கிடார், அக்கார்டியன், ஒரே ஒரு வயலின். பிரசாத் ஸ்டூடியோவில் இளையராஜா வரிசையாக வயலின்காரர்களை உட்கார வைத்து எடுத்த இடையிசையை அந்த ஒற்றை வயலின் தனியாளாகத் தூக்கிச் சுமக்கும்.

1986இல் 'புன்னகை மன்னன்' வந்தது. கம்ப்யூட்டர் இசை என்று ஊரெல்லாம் பேச்சு. அடுத்த ஆடியில் அதன் தீம் மியூசிக்கைக் கேட்டு மேடைக்குச் சீட்டுகள் குவிந்தன. அக்கார்டியன்காரர் நெற்றி வியர்க்க, கம்ப்யூட்டரைப் போலவே வாசிக்கப் போராடினார். முடிந்ததும் எங்கள் தெருப் பெரியவர்கள் தங்களிடமிருந்த உச்சபட்சப் பாராட்டை வழங்கினார்கள்: "அப்படியே கேசட் மாதிரியே இருக்குப்பா!"

அந்தக் கச்சேரிகளில் தப்பு நடக்காமல் இல்லை. பாடகருக்குத் தொண்டை கட்டினால் விரலைக் கீழே காட்டுவார், சுருதி அரைக்கட்டை இறங்கும். சரணம் மறந்துபோனால் தபேலாக்காரர் இன்னொரு சுற்று வாசித்துக் காப்பாற்றுவார். கரண்ட் போனாலும் டோலக் நிற்காது.

போன முகூர்த்தத்தில் ஜி.எஸ்.டி. ரோடு மண்டபம் ஒன்றில் ரிசப்ஷன். பேனரில் 'லைவ் மியூசிக்'. மேடையில் இரண்டு பாடகர்கள், ஒரு லேப்டாப், கீபோர்டுடன் ஒரு பையன். புல்லாங்குழல் பிட் வந்தபோது பையன் இரண்டு கையாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். குழல் அது பாட்டுக்கு ஊதியது. சரணத்தைப் பாடகர் சற்றுத் தாமதமாக எடுத்தார். ட்ராக் யாருக்காகவும் காத்திருக்காதே, பாதி வரியை விழுங்கிவிட்டு ஓடிப் பிடித்தார். யாரும் கவனிக்கவில்லை. கூட்டம் போட்டோ வரிசையில் நின்றது.

மில்லி வனில்லி என்ற பாப் ஜோடி 1989இல் அமெரிக்க மேடையில் வாயசைத்தபோது ஒலிப்பதிவு ஒரே இடத்தில் சிக்கித் திரும்பத் திரும்ப ஓடியது. ஆல்பத்திலும் அவர்கள் பாடவில்லை என்று தெரிந்ததும், 1990இல் கிராமி விருதைப் பறித்தார்கள். எங்கள் மண்டபத்தில் பறிப்பதற்கு ஒன்றுமில்லை. வைத்த மொய்யையும் திருப்பிக் கேட்க முடியாது. தவிர, பிள்ளையார் கோயிலில் தீபாராதனைக்கு மோட்டார் மேளம்தான் முழங்குகிறது. அதை ஏமாற்று என்று யாரும் சொன்னதில்லை. கேசட் மாதிரி வேண்டும் என்றோம். அதையே எடுத்து வந்துவிட்டார்கள்.

பந்தியில் அந்தப் பையன் பக்கத்து இலையில் உட்கார்ந்தான்.

"ஏம்பா, கீபோர்டுக்கு ஒயரே சொருகலியா?"

"நல்லா வாசிப்பேன் சார்," என்றான் அப்பளத்தை நொறுக்கியபடி. "போன மாசம் கூடுவாஞ்சேரில ஒரு வளைகாப்பு. ட்ராக் இல்லாம நானே வாசிச்சேன். ஒரிஜினல் மாதிரி இல்லேன்னு ஐந்நூறு ரூபா பிடிச்சிட்டுக் குடுத்தாங்க."