செருப்பு விடும் முறைகள்: சங்கரன்கோவில் வாசலை முன்வைத்து ஒரு நம்பிக்கை ஆய்வு

தன்னம்பிக்கை பற்றி மேடை போட்டுப் பேசியவர்கள் ஏராளம். அதை அளந்து காட்டியவர் ஒருவருமில்லை. அளவுகோல் கோயில் வாசலிலேயே கிடக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. ஒருவர் தம்மை எவ்வளவு நம்புகிறார், ஊரை எவ்வளவு நம்புகிறார் என்பது அவர் செருப்பைக் கழற்றும் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆய்வுக் களமாகத் தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரு நாக அரசர்கள் வழக்காடிய தலம் இது. வழக்குத் தீர வேண்டிக் கோமதியம்மன் ஒற்றைக்காலில் தபசிருக்க, இறைவன் பாதி சிவனும் பாதி திருமாலுமாய்ச் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார் என்கிறது தலபுராணம். ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் பெண்கள் 101, 108 என்று ஆடிச்சுற்று சுற்றுவார்கள். சுற்றச் சுற்ற அம்மனின் கால்வலியை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பது ஐதீகம். கால் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சிக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது.

வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களை ஆய்விலிருந்து விலக்கியிருக்கிறோம். தொலைக்க ஒன்றுமில்லாதவரின் நம்பிக்கையை எதை வைத்துச் சோதிப்பது? அடுத்தவர் மஞ்சப்பைக்காரர். செருப்பைப் பைக்குள் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சன்னதிக்கே போய்விடுவார். கோயிலுக்குள் செருப்பு கூடாது என்ற விதி காலைப் பற்றியதா, செருப்பைப் பற்றியதா என்று அவர் யாரிடமும் கேட்பதில்லை. பாடநூல்கள் சொல்லும் தன்னம்பிக்கை இவரிடம் பூரணமாக இருக்கிறது. கும்பிட இரண்டு கையும் ஒழியவில்லை என்பதுதான் குறை.

குடும்பமாக வருகிறவர்கள் ஆச்சியைக் காவலுக்கு உட்கார்த்திவிடுகிறார்கள். "நீங்க போயிட்டு வாங்கய்யா, நான் இங்கன இருந்தே கோபுரத்தக் கும்பிட்டுக்கிடுதேன்" என்பாள் ஆச்சி. புராணத்தில் தபசிருந்தது அம்மன், வாசலில் ஆச்சி.

ஆனால் ஆய்வாளனை அசர வைப்பவர் ஜோடி பிரிப்பவர். இடதைப் பூக்கடை ஓரத்தில் விடுவார். வலதை நாலு கடை தள்ளி மின்கம்பத்தடியில் கவிழ்த்துப் போடுவார். ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான் என்பது கணக்கு. ஒருவரையும் நம்பாதவர் என்றுதான் இவரை ஊர் சொல்லும். உண்மையில் இவரளவுக்கு ஊரை நம்புகிறவர் கிடையாது. மற்றவர்கள் ஜோடியாகவே விட்டுவிட்டுப் போவார்கள், திருடன் அதை எடுத்துக்கொண்டு நம்முடையதை விட்டுவிடுவான் என்ற நம்பிக்கையில்தான் இவர் உள்ளே போகிறார். ஊரே பிரித்துப் போட ஆரம்பித்தால், தபசுக் காட்சி முடிந்து திரும்பும் கூட்டம் முழுவதும் ஒற்றைக்காலில்தான் நிற்க வேண்டியிருக்கும். அவநம்பிக்கைக்காரர் பிழைப்பது அடுத்தவரின் வெள்ளை மனசில்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303ஆம் பிரிவு, நம்பிக்கை மோசடிக்கு 316ஆம் பிரிவு. தன்னுடையது என்று நினைத்து எட்டாம் நம்பர் நீல வார் ரப்பர் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு போனவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஆகவே அது திருட்டாகாது. நம்பிக்கை மோசடி என்று புகார் எழுதவும் வழியில்லை. மோசம் போக வேண்டுமென்றால் முதலில் யாரையாவது நம்பிப் பொருளை ஒப்படைத்திருக்க வேண்டும். வாசலில் சும்மா கழற்றிப் போட்டதை யாரிடம் ஒப்படைத்ததாகச் சொல்வது? கோமதியம்மனைப் பிரதிவாதியாகச் சேர்க்க எந்த வக்கீலும் வரமாட்டார்.

இன்னொரு முரணையும் பதிவு செய்தாக வேண்டும். நேர்ந்துகொண்டவர்கள் பாம்பு, தேள் உருவங்களை வாங்கி உண்டியலில் போடுகிறார்கள், ரசீது கேட்பதில்லை. தபசுக் காட்சியின்போது விவசாயிகள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் சூறை விடுகிறார்கள், அதற்கும் கணக்கில்லை. புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, நோய் நொடி தீரும் என்று வீட்டுக்கும் கொண்டுபோகிறார்கள். அதே ஆள் வார் தேய்ந்த செருப்பை விடும்போது மட்டும் டோக்கன் கேட்கிறார். டோக்கனில் எழுதிய நம்பர் அழியாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை திருப்பியும் பார்த்துக்கொள்கிறார். தெய்வத்தின் மேல் சந்தேகமில்லாத அந்த மனிதருக்கு மனுசன் மேல்தான் சந்தேகம்.

எல்லா முறைகளையும் சீர்தூக்கியதில், தேங்காய்க் கடையில் விடுவதே உத்தமம் என்று தீர்ப்பளிக்கிறோம். "இங்கன கழத்திப் போட்டுட்டுப் போங்கண்ணே, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று கடைக்காரம்மா சொல்வது இலவசம்போலக் காதில் விழும். அர்ச்சனைத் தட்டின் விலையைப் பார்த்தால் காவல் கூலியும் அதில் சேர்ந்தே இருக்கிறது.