புல்வெட்டித் தேர்வியல்: ஒரு கிழட்டு டிராக்டரை முன்வைத்து

ஆய்வுப்பொருள், அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை செய்யப்பட்ட ஃபோர்டு 8என். சாம்பல் மேனி, சிவப்பு அடிவயிறு. ஐந்து லட்சத்துக்கு மேல் விற்ற இந்த இனம் சிறு பண்ணைக் கொட்டகைகளில் இன்றும் இருமிக்கொண்டிருக்கிறது. சிக்கல்: மாட்டுக்குக் காயவைக்கும் புல்லை அறுக்க, இதன் பின்னால் எதைப் பூட்டுவது?

மரபுப்படி முதலில் பரபக்கம், அதாவது பிறர் கொள்கை.

‘சுழல்தட்டு வெட்டியே சிறந்தது, விரைந்து அறுக்கும், அடைக்காது’ என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? ஆறடித் தட்டுவெட்டி 30 குதிரைத்திறனுக்குக் குறைந்து மசியாது. 8என்னின் பின்தண்டு (பின்னால் பூட்டிய கருவிக்கு எஞ்சின் விசையைக் கடத்துவது) தருவதோ 23 அளவில், அதுவும் இளமையில். அதன்பின் எத்தனை குதிரைகள் மாண்டன என்பது ஆய்வுக்கு எட்டவில்லை. உருளைவெட்டி என்பாரும் உளர். முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு பின்னால் ஒருபுறமாகத் தொங்கினால், 1,100 கிலோச் சொச்ச வண்டி மேட்டில் முன்காலைத் தூக்கும். விடுக.

‘கொட்டகையில் சும்மா கிடக்கும் புதர்வெட்டி போதாதா?’ என்பது சிக்கனவாதிகள் கொள்கை. அது புல்லைப் பொடியாக்கிவிடும். வாரிக் கட்ட ஒன்றும் மிஞ்சாது. அதனினும் பெரிய குற்றம் ஒன்றுண்டு. 8என்னில் சக்கரமும் பின்தண்டும் கிளட்சுக்கு அப்பால் ஒன்றாகப் பிணைந்தவை. கிளட்சை மிதித்தால் எஞ்சின் கைகழுவிவிடும். புதர்வெட்டியின் கனத்த தகடோ சுழல்வதை விடாது, தன் வேகத்தைத் தண்டு வழியே சக்கரத்துக்கு ஊட்டும். ஓட்டுநர் நின்றுவிட்டதாக நம்பும் வேளையில் வண்டி வேலியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் இணைப்பை மாட்டினால் இது தீரும். மாட்டாதவர்கள் வேலி கட்டுவதில் வல்லவராகின்றனர்.

இனிச் சுபக்கம். பக்கவாட்டில் நீண்டு, பல்வரிசை போய்வந்து நறுக்கும் பழைய கத்திவெட்டியே தக்கது. ஏழடிக் கத்திக்கும் 10 குதிரைத்திறன் தாராளம். புல்லும் முழுத்தாளாகவே சாயும். ‘அடைக்குமே’ எனின், அடைக்கும். வண்டியை நிறுத்திக் கத்தியை மட்டும் ஓட்ட அந்தக் கிளட்சு இடந்தராது. மிதித்து, நியூட்ரலுக்குத் தள்ளி, மறுபடி விட வேண்டும். ஆயினும் அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் மழுங்கிய பல்லே. ரிவெட்டைத் தட்டிப் புதுப்பல் பொருத்தலாம். வெட்டியின் மேல் பழிபோடுவோர் ஏனோ சுத்தியலைத் தேடுவதில்லை.

ஒழிபு: 8என்னின் பழைய பின்தண்டு 1 1/8 அங்குலம், இன்றைய வெட்டிகள் கேட்பது 1 3/8. நடுவில் ஒரு மாற்றுத்துண்டு வேண்டும். வெட்டியை இறக்கி வைத்தபின் இதைக் கண்டுபிடிப்போர் தனி ஆய்வுக்குரியர்.