நந்தியைத் தாண்டினால்...

கேள்வி: கல்யாண நாளுக்கு ஃபிஜித் தீவு போகலாம் என்கிறேன். மனைவியோ திருச்செந்தூர் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: ஃபிஜிக்கே டிக்கெட் போடுங்கள், இரண்டு பேரும் ஜெயித்துவிடலாம். விமானம் இறங்கும் ஊருக்கு ஆங்கிலத்தில் 'நாடி' என்று எழுதியிருக்கும். வாயால் சொல்வது 'நந்தி'. நந்தியைத் தாண்டினால் சிவன் இருக்க வேண்டுமே? இங்கே பிள்ளை இருக்கிறார். வண்ண வண்ண கோபுரத்தோடு சிவசுப்பிரமணியர்! மே முதல் அக்டோபருக்குள் போய்விடுங்கள், மற்ற மாதங்களில் புயல் முந்திக்கொள்ளும்.

முருகன் அங்கே எப்படி என்கிறீர்களா? 1903 முதல் மதராஸிலிருந்தும் நம்மவர்களை ஃபிஜியின் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றினார்கள். அதற்குப் போட்ட 'அக்ரிமென்ட்' (ஒப்பந்தம்) தொழிலாளர் வாயில் 'கிர்மிட்' ஆனது. அவர்களுடையது ஐந்து வருஷ பேக்கேஜ்.