டைம்டேபிளோட வந்திருக்கான் பாரு

வா தம்பி, ஒக்காரு. மோரைக் குடி மொதல்ல. பட்டணத்துலேர்ந்து பிள்ளையைக் கூட்டிக்கிட்டு லீவுக்கு வந்தே, சந்தோசம். கையில என்னடா அது, கலர் கலரா காயிதம்? டைம்டேபிளா? ஆறு வயசுப் பயலுக்கா? "எட்டு மணி, இயற்கையை ரசித்தல். எட்டரை, கற்பனைத் திறன்." ஏன்டா, கலெக்டருக்குக்கூட இவ்வளவு கெடுபிடி கெடையாதே! அரை மணிக்குள்ள இயற்கையை ரசிச்சு முடிக்கலேன்னா என்ன பண்ணுவே, அபராதம் போடுவியா?

கோவிச்சுக்காதே. ஒன் பயம் தெரியுது. லீவு விட்டா படிச்சதைப் பிள்ளை மறந்துடும்னுதானே? மறக்கும்தான், இல்லேங்கல. கொரோனாவுல ஒன்றரை வருசத்துக்கு மேல பள்ளிக்கூடம் பூட்டிக் கெடந்துச்சே, எழுத்துக்கூட்டிப் படிச்ச பிள்ளை எழுத்தையே மறந்துட்டு நின்னுச்சு. அதுக்குத்தானே 2021 அக்டோபர்ல அரசாங்கம் 'இல்லம் தேடிக் கல்வி'ன்னு ஆரம்பிச்சுது? அந்தந்த ஊர்ல படிச்ச பிள்ளைங்களே சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சின்னதுகளை ஒக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல ஆராய்ச்சிக்காரங்க சோதிச்சுப் பார்த்தாங்களாம். பள்ளிக்கூடம் தொறந்து ஆறு மாசத்துல, விட்ட படிப்புல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துடுச்சு. அப்படி வந்ததுல சுமாரா கால்வாசி இந்தச் சாயங்கால வகுப்பால வந்துச்சாம். அதுக்குப் பெத்தவங்க என்ன ஆப் வாங்குனாங்க? என்ன கிட் வாங்குனாங்க? பக்கத்துல ஒரு ஆள், தெனம் கொஞ்ச நேரம். அவ்வளவுதான். அந்த நேரத்தைத்தான் நீ போனுக்குள்ள போட்டு வெச்சிருக்கே.

வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறியே தம்பி. இந்த டெல்டாக்காரன் காலையில எந்திரிச்சதும் என்ன கேப்பான்? "மேட்டூர் எத்தனை அடி?" பேப்பர்ல போடுறான், டிவியில சொல்றான். அணை நெறஞ்சா 120 அடி. பய கையில ஒரு கரித்துண்டைக் குடுத்து, கொல்லைச் செவுத்துல தெனம் எழுதச் சொல்லு. நேத்து எவ்வளவு, இன்னிக்கு எவ்வளவு? ஏறுச்சா, எறங்குச்சா? நெறைய இன்னும் எத்தனை அடி வேணும்? வர்ற தண்ணி ஜாஸ்தியா, விடுற தண்ணி ஜாஸ்தியா? கழித்தல் கணக்கு தன்னால வருதா இல்லையா? தாத்தன் ஏன் சோறு எறங்காம ஒக்காந்திருக்கான்னும் அந்தக் கணக்கே அவனுக்குச் சொல்லிடும். அது எந்த வொர்க்‌ஷீட்ல இருக்கு?

மேட்டூரை வழக்கமா ஜூன் 12-ல தொறப்பாங்க. 2022-ல அணையில தண்ணி இருந்துச்சு, மே 24-லயே தொறந்துட்டாங்க. பிள்ளைங்களுக்கு நல்ல லீவு நேரம். 27-ஆம் தேதி கல்லணையைத் தொறந்தாங்க. மேட்டூர்லேர்ந்து கல்லணைக்குத் தண்ணி வந்து சேர எத்தனை நாள்? கேளு அவனை, வெரலை மடக்கிச் சொல்லட்டும். அங்கேர்ந்து நம்மூரு வாய்க்காலுக்கு எப்ப வரும்? தெனம் ஓடிப் போயி மதகுல எட்டிப் பார்த்துட்டு வரட்டும், நீயும் கூட ஓடு, தொப்பை கொறையும். கல்லணையிலதான் காவேரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எல்லாம் பிரியுது. நம்ம வாய்க்காலு இதுல எதுலேர்ந்து வருது, சொல்லு பார்ப்போம்? முழிக்காதே, பய பார்க்குறான்.

நேத்து பெரியகோயிலுக்குப் போனீங்களாமே? போட்டோவெல்லாம் பார்த்தேன். எல்லாத்துலயும் ஒன் மொகம்தான் இருக்கு, கோயிலைக் காணும். கோபுரத்து நெழல் தரையில விழாதுன்னு பிள்ளைக்கு வேற சொன்னியாமே. யாரு சொன்னா, வாட்ஸ்அப்பா? ராஜராஜன் 1010-ல கட்டி முடிச்ச கல்லு, 216 அடி ஒசரம் நிக்குது. வெயில் அடிச்சா நெழல் எங்கடா போகும்? வெடியக்காலம் கூட்டிக்கிட்டுப் போ. ஒண்ணும் சொல்லாதே. நெழல் எங்க கெடக்குன்னு அவனே காட்டுவான், அதுமேல ஏறிக் குதிப்பான். உச்சிவேளையில ஏன் சுருங்கிப் போச்சுன்னு கேப்பான். ஒனக்குப் பதில் தெரியாதுன்னா, தெரியாதுன்னு சொல்லு. அப்பனுக்கும் தெரியாதது உண்டுன்னு பிள்ளைக்கு ஒரு தைரியம் வரும். அடிச்செவுத்துல கல்வெட்டு ஓடுது பாரு, அதுல 'ட' எங்க, 'ப' எங்கன்னு தேடச் சொல்லு. ஐஸுக்குப் பந்தயம் கட்டு. நீ தோப்பே.

அதுக்காக எங்க காலந்தான் ஒசத்தின்னு பீத்திக்க மாட்டேன். வயக்காடே பள்ளிக்கூடமா இருந்துச்சுன்னு சில பெருசுங்க மேடையில பேசும், பாதி புளுகு. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு லீவும் கெடையாது, பள்ளிக்கூடமும் கெடையாது. மாடு மேய்ச்சுட்டு வந்தா ஒரு வேளைக் கஞ்சி. அதுகிட்ட ஒன் கலர் காயிதத்தைக் குடுத்திருந்தா கண்ணுல ஒத்திக்கிட்டிருக்கும். அதனால புஸ்தகத்தைத் தூக்கிப் போடுன்னு நான் சொல்லல. ராத்திரி ஒரு கதை படிச்சுக் காட்டு. அப்ப மட்டும் போனைக் கவுத்து வை. பரண்ல பல்லாங்குழி கெடக்கு, எறக்கிக் குடு. அப்பாயி சோழி போடுற வேகத்துக்கு ஒன் கால்குலேட்டர் நிக்காது.

நாளைக்குக் காலையில பயலை வயலுக்கு வரச் சொல்லியிருக்கேன். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூணு மா சேந்தா ஒன் ஏக்கர் கணக்குக்குக் கிட்டத்துல வரும். வரப்பைக் காலடி வெச்சு அளக்கப் போறோம். அவன் காலடி சின்னது, எங்காலடி பெருசு. கணக்கு ஒத்துப்போகாது, ஏன்னு ரெண்டு பேரும் சண்டை போட்டுக்குவோம். நீயும் வாயேன். ஆமா, ஒங்கப்பன் விட்டுட்டுப் போனதுல ஒம் பங்கு எத்தனை மா?

என்னடா, பட்டாவைப் பார்க்கணுமா? சரி சரி, சத்தம் போடாதே, பய காதுல விழப்போவுது. அவன் ஆறு மணிக்கு வருவான். நீ அஞ்சரைக்கே வந்துடு.