குத்தூசியும் மைக்ரான் மீட்டரும்

என் பெரியப்பாவுக்கு விருதுநகரில் பருப்பு மண்டி. லாரியில் வந்து இறங்கும் துவரை மூட்டை எதையும் அவர் நம்பியதில்லை. குத்தூசியை மூட்டையின் அடிவரை செருகி, உள்ளங்கையில் விழும் மணிகளை வெயிலில் காட்டி, ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஈரம் இருக்கு, விலையைக் குறை" என்பார். வீட்டுக்கு வாங்கும் வெண்டைக்காய்க்கு நுனி ஒடியும். தேங்காய்க்கு மண்டையில் தட்டு விழும். அப்பேர்ப்பட்ட மனிதர், வாழ்நாளிலேயே அதிகப் பணம் போட்டு வாங்கிய சாமானை மட்டும் ஒரு சுற்றுகூடச் சுற்றிப் பார்க்காமல் வாங்கினார். அது அவருடைய முதல் கார்.

1970-களின் தொடக்கம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவிலிருந்து அம்பாசடர், பம்பாய் குர்லாவிலிருந்து பியட், நம் வண்டலூர்ப் பக்கத்திலிருந்து ஸ்டாண்டர்டு. காரென்றால் நாட்டில் அவ்வளவுதான். விலையை அரசாங்கம் நிர்ணயித்தது. எப்போது கிடைக்கும் என்பதைக் கடவுள் பார்த்துக்கொண்டார். பெரியப்பா வாங்கியது எந்தக் கார் என்று சொல்ல மாட்டேன். அதை ஓட்டியவர்கள் இன்றும் அதன்மேல் உயிராக இருக்கிறார்கள், சண்டைக்கு வருவார்கள். அவர் முன்பணம் கட்டியபோது எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. 'வண்டி வந்துவிட்டது' என்று கடிதம் வந்தபோது அரை டவுசரைத் தம்பிக்குத் தள்ளிவிட்டிருந்தேன்.

மதுரை டீலர் ஆபீசில் பரிசோதனை நடக்கத்தான் செய்தது. பரிசோதிக்கப்பட்டது பெரியப்பா. புக்கிங் ரசீது அசல்தானா, கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று மேனேஜர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். திருப்தியான பிறகு, "அண்ணாச்சி, நீங்க கேட்டது வெள்ளை. வந்திருக்கது கறுப்பு. வேண்டாம்னா சொல்லிருங்க, அடுத்த ஆளு வாசல்ல நிக்காரு" என்றார். கறுப்புச் சேலை வீட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டிருந்த பெரியப்பா, "கறுப்புதான்யா கம்பீரம்" என்றார்.

அந்த நாளில் டீலரின் டிரைவர் தொழிற்சாலைக்கே போய் வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு வருவது உண்டு. எங்கள் வண்டியும் அப்படி வந்ததுதான். மீட்டர் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. இன்றைக்கு நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தாலே நுகர்வோர் கோர்ட்டு வரை பேச்சுப் போகும். அன்று அதுவே நற்சான்று: இவ்வளவு தூரம் வழியில் நிற்காமல் வந்துவிட்டதே!

ஆனால் பில்லை மட்டும் பெரியப்பா விடவில்லை. வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். 'பெட்ரோல் 5 லிட்டர்' என்ற வரியில் விரல் நின்றது. கூட வந்த மெக்கானிக்கை அனுப்பி, டாங்கிக்குள் குச்சியை விட்டு ஆழம் பார்க்கச் சொன்னார். நுனிதான் நனைந்தது. மூன்று லிட்டர் என்று தீர்ப்பாகி, இரண்டு லிட்டர் காசு கழிந்தது. காருக்கு நடந்த ஒரே சோதனை அதுதான்.

புது வண்டி நேரே வீட்டுக்கு வரவில்லை. மெக்கானிக்கின் புளியமரத்தடிக்குப் போனது. மூன்று நாள் அங்கே கிடந்தது. பின்கதவு மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. சைக்கிள் டியூபை வெட்டி ஓரத்தில் ஒட்டினார். ஒரு ஜன்னல் கண்ணாடி கதவுக்குள்ளேயே விழுந்துவிட்டிருந்தது, எடுத்து மாட்டினார். அடியில் துரு ஏறாமல் இருக்கத் தார் அடித்தார். போல்ட்டு ஒவ்வொன்றையும் ஸ்பானரால் ஒரு சுற்று முறுக்கினார். "புது வண்டின்னா இப்படித்தான் முதலாளி, நாமதான் பழக்கி எடுக்கணும்" என்று அவர் சொன்னதில் துளி குறையில்லை, பெருமைதான் இருந்தது. பிறகு பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டி, மாட்டுவண்டிக்கு வழிவிட்டுக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம். மழை பெய்தால் முன்சீட்டில் இருப்பவர் முழங்காலில் துண்டு விரித்துக்கொள்ள வேண்டும். யாரும் புகார் எழுதவில்லை. எழுதி அனுப்ப முகவரி இருந்தது. எழுதினால் திருப்பி எடுத்துக்கொண்டு விடுவார்களோ என்ற பயமும் இருந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, வரிசை மட்டும் போகவில்லை. 1993-இல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் முறை ஒழிந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ இறங்கியபோது, டீலர்கள் நம்மை 'சார்' என்று கூப்பிடப் பழகியிருந்தார்கள்.

போன வருஷம் பெரியப்பாவின் பேரன் சென்னையில் கார் எடுத்தான். எனக்கு மகன் முறை. "சித்தப்பா, பி.டி.ஐ.க்கு வர்றீங்களா?" என்றான். டெலிவரிக்கு முன்னால் வண்டியைச் சோதிக்கிற சடங்குக்கு அதுதான் பெயராம். கூலிக்கு வந்து சோதித்துக் கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். இவன் தானே செய்வதென்று, வாடகைக்கு ஒரு கருவி, டார்ச், செல்போனில் நீண்டதொரு பட்டியல் சகிதம் பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு ஸ்டாக்யார்டுக்கு அழைத்துப் போனான். ஷோரூம் விளக்கில் கீறல் தெரியாது, வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்பது அவன் கட்சி. தாத்தாவின் துவரை நினைவுக்கு வந்தது.

முதல் வண்டியின் சேசிஸ் எண்ணைப் படித்தான். மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். பெரும்பாலான கம்பெனிகளில் பத்தாவது இடம் வருஷத்தைச் சொல்லும்: ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025. இதில் ஆர். டயரைப் பார்த்தான்: 4824. அதாவது 2024-இன் 48-வது வாரம். "இது போன வருஷத்து வண்டி" என்றான். சேல்ஸ் தம்பி அசரவில்லை. "ஆனா பில்லிங் இந்த வருஷம்தான் சார்." இந்தப் பதிலை நான் வெகுவாக ரசித்தேன். அண்ணன் மகன் ரசிக்கவில்லை. வேறு வண்டி காட்டச் சொன்னான். காட்டினார்கள்! வேண்டாம் என்று சொன்னதற்காக ஒருவன் இன்னொரு காரைப் பார்க்கும் காட்சியைக் காணப் பெரியப்பாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இரண்டாவது வண்டியில் கருவி வெளியே வந்தது. பெயிண்ட் எத்தனை மைக்ரான் தடிமன் என்று சொல்லும் மீட்டர். கம்பெனி பெயிண்ட் நூறு, நூற்றைம்பது என்று நிற்கும். ஒரு கதவு மட்டும் முந்நூறுக்குத் தாவினால் அது எங்கேயோ அடிவாங்கி மறுபெயிண்ட் கண்ட கதவு. கதவு, பானெட், கூரை எல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்த மீட்டர், முன் பம்பரில் வாயடைத்துப் போனது. அவன் முகம் வெளுத்தது. "சார், பம்பர் பிளாஸ்டிக் சார்" என்றான் சேல்ஸ் தம்பி, ரொம்பப் பணிவாக. அந்த மீட்டர் உலோகத்தின் மேல்தான் பேசும். அப்புறம் இடுக்குகளில் விரல் விட்டான், மேட்டைத் தூக்கி ஈரம் பார்த்தான், ஏசி, ஹார்ன், ஸ்டெப்னி, ஜாக்கி என்று பட்டியல் தீரும்வரை எனக்கு நிழல் கிடைக்கவில்லை. குறை ஒன்றும் அகப்படவில்லை. அவனுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று தோன்றியது.

பணம் கட்டும் மேஜைக்கு வந்தோம். பில்லை நான் எட்டிப் பார்த்தேன். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி. எசென்ஷியல் கிட் என்று ஒரு வரி. மேட்டும் சாவிக்கொத்தும் வாசனைப் புட்டியும் சேர்ந்தால் இருபதாயிரத்துச் சொச்சமாம். இன்சூரன்ஸ் தொகையை வைத்துப் பெரியப்பா காலத்தில் இரண்டு கார் எடுத்திருக்கலாம். "இதெல்லாம் என்னப்பா?" என்றேன். "அது பேக்கேஜ் சித்தப்பா, எல்லாருக்கும் ஸ்டாண்டர்டு" என்று சொல்லி, செல்போனில் வந்த ஓ.டி.பி.யை உரக்கப் படித்தான். மைக்ரான் வரை பார்த்த கண், ஆயிரங்களை அரை நொடியில் தாண்டியது.

டெலிவரி அன்று பட்டுத்துணி போர்த்தி, கேக் வெட்டி, ஆளுயர அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அங்கிருந்து நேரே பாடிகாட் முனீஸ்வரர் கோயில். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். பழத்தை அவன் சோதிக்கவில்லை.

கார் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சோதனையெல்லாம் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னால் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரியே 18 சதவீதம். அதைக் கட்டி உங்கள் பெயரில் நம்பர் விழுந்த பிறகு வண்டியை மாற்றித் தர எந்த டீலரும் லேசில் சம்மதிக்க மாட்டார். பார்த்துத் தேர்ந்த வண்டியின் சேசிஸ் எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்சை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. வெளியே இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். பில்லில் புரியாத வரிக்குப் பணம் கட்டாதீர்கள்.