அப்பாவின் பேட்ஜும் அம்மாவின் மூக்கும்

1985 அக்டோபர் 18. எஃப்.பி.டி.ஆர். என்று ஊரே சொல்லும் சோதனை ஈனுலை கல்பாக்கத்தில் முதன்முதலாக உயிர் பெற்ற நாள். அங்கே ஃபிட்டராக இருந்த அப்பா, ராத்திரி ஜாங்கிரிப் பொட்டலத்தோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அம்மா கொல்லையில் மூன்று செங்கல்லைக் கூட்டி வைத்து, ஊதுகுழலால் புகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கேஸ் தீர்ந்து நாளாகியிருந்தது.

“உங்க உலை எரிஞ்சுதா? இங்க சவுக்கு ஈரம், எரிய மாட்டேங்குது” என்றாள்.

நாட்டின் அணு விஞ்ஞானம் அன்றைக்கு எந்தப் படியில் நின்றதோ, எங்கள் வீட்டுச் சமையல் அதற்குச் சில ஆயிரம் வருஷம் பின்னால் நின்றது. கேஸுக்குச் சொல்லிவிட்டு வாரக்கணக்கில் வாசலைப் பார்க்க வேண்டும். இணைப்பு கிடைப்பதற்கே வருஷக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. எம்.பி. கோட்டா கூப்பன் ஒன்று கைக்கு வந்துவிட்டால் பெண்ணுக்கு வரன் அமைந்த மாதிரி தெருவே வந்து விசாரிக்கும். 1955-ல் பம்பாயில் பர்மா ஷெல்காரர்கள் ஆரம்பித்து, 1965-ல் கல்கத்தாவில் இண்டேன் என்ற பெயரில் தொடர்ந்த சமாசாரம், கடலோரமாகவே நடந்து எங்கள் தெருவுக்கு வர இருபது வருஷம் எடுத்துக்கொண்டது.

அப்படி வந்ததாலேயே அதற்கு ஒரு மரியாதை இருந்தது. மரியாதையில் முக்கால் பங்கு பயம். திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்திருந்த ஆயா, கேஸில் வெந்த சோற்றைத் தொடவே மாட்டாள். “அதத் தின்னா வயித்துல கேஸ் வரும்” என்பது அவள் கண்டுபிடிப்பு. அம்மாவின் பயம் வேறு மாதிரி. ஏஜென்சியிலிருந்து வந்த ஆள் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததை அவள் வேதமாக எடுத்துக்கொண்டாள். புது சிலிண்டர் வந்தால் தலையில் மாட்டியிருக்கும் வெள்ளை நைலான் கயிற்றை இழுத்து மூடியைக் கழற்ற வேண்டும். வால்வு வாயில் ஒரு துளி தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் பிய்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவ வேண்டும். இத்தனையும் முடிகிறவரை சிலிண்டர்காரர் நகரக் கூடாது. நகராமலிருக்க மோர் கொடுப்பாள். ரெகுலேட்டர் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்த பிறகு சோப்பு நுரையை டியூபின் இரண்டு முனையிலும் விரலால் பூசி, குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். நுரை அசையாமல் காய்ந்தால்தான் அடுப்பு எரியும். ராத்திரி படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடிய சத்தம் எங்கள் காதில் விழ வேண்டும்; விழாவிட்டால் நாங்களே எழுந்து போய்ப் பார்ப்போம்.

சாயங்காலம் வந்து அப்பா ஒரு வேலை செய்வார். சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்குகிற பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் பக்கத்தில் வருஷமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படி. அந்தக் காலாண்டோடு சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்பியாக வேண்டும். “சி எண்பத்தெட்டு” என்று அப்பா உரக்கப் படிப்பார். அம்மா தலையாட்டுவாள். தெருவிலேயே அந்த எழுத்தைப் படித்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

அவர் வேலை பார்த்த இடம் அப்படி. அங்கே உலையைக் குளிர்விப்பது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். காற்றுப் பட்டால் பற்றும், தண்ணீர் பட்டால் சீறும். அதனால் குழாய்க்கு மேல் இன்னொரு உறை, இரண்டுக்கும் நடுவில் நைட்ரஜன், கசிந்தால் மணியடிக்கிற கருவி என்று அடுக்கடுக்காகக் காவல். ஆட்களுக்கு மார்பில் பேட்ஜ். எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார்கள் என்று அதில் கணக்கு. எங்கள் அடுக்களையில் உறையும் கிடையாது, மணியும் கிடையாது. இருந்த ஒரே கருவி அம்மாவின் மூக்கு.

அந்த மூக்கை நம்பித்தான் உலகமே சமைத்துக்கொண்டிருந்தது என்பது அப்பா சொல்லித் தெரிந்தது. சிலிண்டருக்குள் இருக்கும் ப்ரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் சொல்லும்படியான வாசனை இல்லை. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி நாறுகிற எத்தில் மெர்காப்டனைத் தொழிற்சாலையில் வேண்டுமென்றே துளியூண்டு கலக்கிறார்கள். காற்றில் சுமார் 2 சதவிகிதம் சேர்ந்தால்தான் இந்த வாயு பற்றும். அதில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. எட்டுக்குப் பத்தடி அடுக்களை முழுவதையும் அந்த இரண்டு சதவிகிதத்துக்குக் கொண்டுபோக ஒரு கிலோ வாயுகூட வேண்டாம். சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ.

1984 ஜனவரியில் எங்கள் ஊர் அணுமின் நிலையத்தின் முதல் அலகு வணிக உற்பத்தியை ஆரம்பித்தது. அதே வருஷம் நவம்பர் 19 விடிகாலையில் மெக்சிகோ நகரத்துக்குப் பக்கத்தில் சான் ஹுவானிக்கோ என்ற இடத்தில் எல்.பி.ஜி. கிடங்கு வெடித்துச் சுமார் ஐந்நூறு பேர் செத்தார்கள். இரண்டு வாரத்தில் போபால் வந்து அந்தச் செய்தியை மூடிவிட்டது. 1986-ல் செர்னோபில். அதோடு சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுத் தண்ணீரையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். மதுராந்தகம் பெரியப்பா வந்தால் காபிகூட வேண்டாம் என்பார். “எப்படிடா அந்த ஊர்ல குழந்தைங்கள வெச்சிக்கிட்டுத் தூங்கறீங்க?” என்று கேட்பார். அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் பம்ப் ஸ்டவ் எரிந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேனிலிருந்து மண்ணெண்ணெய் ஊற்றுவார், வாயில் பீடியோடு. (ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி என்ற செய்தி அப்போது வாராவாரம் வரும். மாமியார் பலி என்று நான் ஒரு நாளும் படித்ததில்லை.)

அணுவுக்கென்று ஒத்திகையும் உண்டு. சைரன், போலீஸ் வேன், ஒலிபெருக்கி. உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம். வீட்டுக்குள் போ, கதவு ஜன்னலை மூடு, சொல்லுகிறவரை வெளியே வராதே என்பது அதன் சாரம். கேஸ் கசிந்தாலோ எல்லாமே தலைகீழ்: கதவு ஜன்னலைத் திற, வெளியே ஓடு. ஆயா இரண்டையும் கேட்டுவிட்டு, “எதுக்குத் தொறக்கறது, எதுக்கு மூடறது? ரெண்டும் ஒண்ணா வந்தா நான் என்ன பண்ணட்டும்?” என்றாள். அப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை. எந்தக் கையேட்டிலும் இருந்திருக்காது.

தெருவில் எல்லாரும் அம்மா மாதிரி இல்லை. பக்கத்து வீட்டுக் கேரளத்துச் சேச்சி, தீரப்போகிற சிலிண்டரைப் படுக்கவைத்து உருட்டி இன்னும் இரண்டு வேளைக்குச் சாம்பார் வைப்பார். எதிர்வீட்டில் அதை வெந்நீர் அண்டாவில் நிற்கவைப்பார்கள். நின்றுகொண்டிருக்கும் சிலிண்டரிலிருந்து ஆவிதான் மேலே வரும். படுக்கவைத்தால் திரவமே டியூபுக்குள் போகும், வெளியே வந்ததும் ஏறக்குறைய 250 மடங்கு விரியும். இது தெரிந்த விஞ்ஞானிகள் நிறைந்த டவுன்ஷிப்பில்தான் இந்த உருட்டல் நடந்தது. விஞ்ஞானிகள் அந்த நேரத்தில் வேலைக்குப் போயிருப்பார்கள்.

ஊருக்குக் கடைசியில் பெரிய அழிவு வந்தது அணுவிலிருந்தும் இல்லை, அடுக்களையிலிருந்தும் இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் டவுன்ஷிப்புக்குள் வந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது அலகைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். வீடுகளில் இருந்தவர்களை அப்படிக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வாரம் நான் போனபோது சவுக்குத் தோப்பு ஓரமெல்லாம் சிவப்பு சிலிண்டர்கள், அறுந்த டியூப் தொங்கிக்கொண்டு கிடந்தன. நிறைந்த சிலிண்டர்கூட சுமார் முப்பது கிலோதான். அது இடம்பெயர்க்கும் தண்ணீரின் எடை அதைவிட அதிகம் என்பதால் மிதக்கும். அப்பா ஒவ்வொன்றாகப் போய் ரெகுலேட்டரை மூடிக்கொண்டிருந்தார். யாருடைய சிலிண்டர் என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

இப்போது அவர்கள் இருப்பது புதுப்பட்டினத்தில், தம்பி வீட்டில். தம்பி ஒரு கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவு. தொழிலாளர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி வகுப்பு எடுக்கிறான். அவன் வீட்டு அடுக்களை மாடுலர். சிலிண்டர் கண்ணில் படுவது அலங்காரக் குறைவு என்பதால் மேடைக்கடியில் பளபளப்பான கதவுக்குப் பின்னால் நிற்கிறது. கதவில் காற்றுப் போக ஒரு துளைகூட இல்லை. ரெகுலேட்டரைத் தொட வேண்டுமானால் வெங்காயக் கூடை, குப்பைத் தொட்டி, போன தீபாவளிக்கு வந்த ட்ரே என்று ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். ஆகையால் யாரும் தொடுவதில்லை. ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூபின் ஆயுள் ஐந்து வருஷம், வருஷம் அதிலேயே அச்சாகியிருக்கிறது. கிரானைட்டைத் துளைத்து அதை விட்டிருப்பதால் அச்சான பக்கம் கல்லுக்குள் போய்விட்டது. உப்புக்காற்றில் சிலிண்டரின் அடிவளையம் துருப்பிடித்து, டைல்ஸில் காபித் தம்ளர் வைத்த மாதிரி வட்டம் வட்டமாகக் கறை. அதைப் போக்குவதற்கு மட்டும் ஆசிட் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

சிலிண்டர்காரர் இப்போது செல்போனில் வந்த எண்ணை மட்டும் கேட்கிறார். சொன்னதும் போய்விடுகிறார். மோர் வேண்டாம் என்கிறார்; இன்னும் பல வீடு இருக்கிறது. வாரக்கணக்கில் காத்திருந்து வந்தபோது சாமி மாதிரி நடத்தப்பட்ட பொருள், இரண்டே நாளில் வருவதால் பால் பாக்கெட் ஆகிவிட்டது.

மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால் இதன் அடுத்த கட்டம் தெரியும். மீன் வறுக்கும் கடைகளில் காற்று அடுப்பை அணைத்துவிடும். வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கும். கடைக்காரர் லைட்டரை நிதானமாகத் தேடுவார். காற்றை மறைக்க ஒரு கடையில் தகரம் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கடையில் தகரம் இல்லை, சிலிண்டரையே அடுப்புக்கு ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். அதுவும் வீட்டு உபயோகச் சிவப்பு. 19 கிலோ நீலம் விலை அதிகம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டுவது சுலபம்; ஆனால் அவர் மட்டும் செய்கிற தப்பு இல்லை இது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். ராமேஸ்வரத்துக்கு யாத்திரை வந்தவர்கள். விதியை மீறி ரயிலில் சிலிண்டர் கொண்டுவந்திருந்தார்கள், விடிகாலையில் அடுப்பைப் பற்றவைத்தார்கள். வீட்டில் தினமும் செய்கிற காரியத்தை மூடின பெட்டிக்குள் செய்தார்கள், அவ்வளவுதான். மாறாக 2025 ஜனவரி 3-ல் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் பதினெட்டு டன் வாயுவோடு டேங்கர் கவிழ்ந்தது. சுற்றிலும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரைப் பீய்ச்சியடித்துக்கொண்டே அடைத்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. பதினெட்டு டன்னைக் கண்டால் எல்லாருக்கும் புத்தி வந்துவிடுகிறது. பதினான்கு கிலோவுக்கு யார் விடுமுறை விடுவார்கள்?

2021 கொரோனாவில் அம்மாவுக்கு மோப்பம் போய்விட்டது. திரும்பி வரவில்லை. மல்லிகையும் பெருங்காயமும் போனதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, “கேஸ் எப்படித் தெரியும்?” என்றுதான் கேட்டாள். தம்பி ஆன்லைனில் ஒரு கசிவுமானி வாங்கினான். எலக்ட்ரீஷியன் வந்து அதை அடுக்களை உத்தரத்துக்குக் கீழே, லாஃப்டுக்குப் பக்கத்தில் அழகாக மாட்டினார். எண்பதைத் தாண்டிய அப்பா கைத்தடியோடு வந்து அண்ணாந்து பார்த்தார்.

“தம்பி, இந்த கேஸ் மேல ஏறாது. காத்தவிட கனம். தரையோடதான் போகும்.”

“யூட்யூப்ல மேலதான் மாட்டறாங்க ஐயா.”

“அது குழாய்ல வர்ற கேஸுக்கு. அது லேசு, மேல போகும். இங்க அது இன்னும் வரல.”

எலக்ட்ரீஷியன் தம்பியைப் பார்த்தார். தம்பி செல்போனைப் பார்த்தான். தேடிப் படித்துவிட்டு, “அப்பா சொல்றது கரெக்ட்தான்” என்றான். தீயணைப்பு வகுப்பு எடுக்கிறவன். கருவி தரைக்கு ஒரு முழம் உயரத்துக்கு இறங்கியது. மேலே போட்ட இரண்டு துளையில் இப்போது காலண்டர் தொங்குகிறது.

அதன் பிறகு வீட்டில் ப்ரொப்பேன் எங்கெல்லாம் இருக்கிறது என்று கணக்கெடுக்கும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். பூதக்கண்ணாடியோடு லேபிள் லேபிளாகப் படித்தார். படுக்கையறை ஏ.சி.யில் ஆர்-290 என்று போட்டிருந்தது: அது சுத்தமான ப்ரொப்பேன். ஃப்ரிட்ஜில் ஆர்-600ஏ: பியூட்டேனின் தம்பி. இரண்டும் சின்ன அளவுதான், ஓசோனுக்கு நல்லது என்று வந்தவை. கொசு மருந்து ஸ்ப்ரேயைத் தள்ளிக்கொண்டு வருவதும் எல்.பி.ஜி.தான். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அடுக்களையில் ஒன்றே ஒன்றைக் கட்டி மேய்த்தவளுக்கு வீடு முழுக்க அது பரவியிருப்பது பிடிக்கவில்லை.

போன மாதம் ஒரு காலையில் கசிவுமானி அலறியது. அம்மா யாரையும் கேட்கவில்லை. வெங்காயக் கூடையைக் காலால் தள்ளி ரெகுலேட்டரை மூடினாள். கொல்லைக் கதவைத் திறந்தாள். “ஸ்விட்சத் தொடாதீங்க, போடவும் வேணாம், அணைக்கவும் வேணாம்” என்று கத்தினாள். எல்லாரையும் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினாள். கல்லூரிக்குக் கிளம்பிய பேரன் மட்டும் கையில் சென்ட் டப்பாவோடு விழித்தான். அடுக்களை வாசலில் நின்று தாராளமாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அப்பா டப்பாவை வாங்கித் தூரப் பிடித்துப் படித்தார்: பியூட்டேன், ஐசோபியூட்டேன், ப்ரொப்பேன்.

“இத்தனையும் கக்கத்துலயா?” என்றாள் அம்மா.

அன்றிலிருந்து பேரன் கொல்லையில் தென்னைமரத்தடியில் போய்த்தான் சென்ட் அடித்துக்கொள்கிறான். கடற்காற்று அதில் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறது. அந்த வீட்டம்மா, “உங்க வீட்ல என்ன விசேஷம், தெனம் காலைல மணக்குது?” என்று மதில் மேல் எட்டிக் கேட்கிறார்.